பூப்பெயருக்கு எந்த எழுத்து? சிங்கப்பூர்ப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பெண் குழந்தைக்குப் பூவின் பெயர்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. தாமரையா, முல்லையா, நறுமுகையா என்பதிலும் ஒருமனதாகிவிட்டீர்கள். ஆனால் பிறப்பைப் பதிய உட்காரும்போது ஆங்கில எழுத்தில் பெயரை எப்படித் தட்டுவது என்ற கேள்வி வருகிறது. அப்பா ஒரு விதமாக எழுதுகிறார், பாட்டி வேறு விதமாகச் சொல்கிறார், சித்தப்பா நடுவில் ஓர் ‘எச்’ சேர்க்கிறார். அங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள்.

பாலர் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு, அந்த அவசரத்தின் விளைவு ஆண்டுதோறும் வருகைப் பதிவேட்டில் தெரிகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தத் தேர்வில் உதவியிருக்கிறேன். எதை முதலில் முடிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பாதிச் சிக்கல் தீர்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே குறிக்கிறேன்: முல்லை என்பது ‘எம்–யூ–எல்–எல்–ஏ–ஐ’.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சிங்கப்பூரில் பிறந்த குழந்தையின் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிய வேண்டும். பெயர் சூட்டு விழாவைத் தள்ளி வைத்திருக்கும் குடும்பங்கள், விழா அன்று முடிவு செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டுக் கடைசி இரண்டு நாளில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். விழா எந்த நாளில் வந்தாலும், எழுத்து வடிவம் குழந்தை பிறக்கும் முன்பே தயாராக இருப்பது நல்லது. பிரசவத்திற்குப் பிறகு தூக்கமில்லாத இரவுகளில் எழுத்து எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் தெம்பு இருக்காது.

மூன்று பொருள்களை எடுத்து வையுங்கள். ஒன்று, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை அல்லது கடப்பிதழ். தந்தையின் பெயர் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது பிறகு தேவைப்படும். இரண்டு, ஒரு நல்ல தமிழ் அகராதி. மூன்று, வெற்றுத் துண்டுச் சீட்டுகள். அவை 6-ஆம் படிக்கு.

மூத்த குழந்தை இருந்தால் அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் எடுங்கள். அக்காவின் பெயரில் ‘த’ என்ற ஒலிக்கு ‘டி–எச்’ (TH) போட்டுவிட்டுத் தங்கையின் பெயரில் வெறும் ‘டி’ போட்டால், பின்னாளில் இருவருமே தங்கள் பெயரை விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

2. முதலில் தமிழ் எழுத்து, அதற்குப் பிறகுதான் ஆங்கிலம்

பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆங்கில எழுத்தை ஒருவழியாக முடிவு செய்த பிறகு, தமிழில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் தெளிவான வேறுபாடு கிடையாது. ர, ற இரண்டும் ஒன்றாகிவிடும். ந, ன, ண மூன்றும் ஒரே ‘என்’தான். பூப்பெயர்களில் இந்த எழுத்துகள் நிறைய வருகின்றன. குறிஞ்சிக்கும் நறுமுகைக்கும் ‘ற’, குவளைக்கு ‘ளை’, தாழைக்கு ‘ழை’, செண்பகத்துக்கு ‘ண்’. தமிழ் வடிவத்தை நீங்கள் உறுதி செய்யாவிட்டால், ஆங்கிலத்தைப் பார்த்து ஆசிரியர் ஊகித்து எழுதுவார். குவளை என்ற குழந்தை ‘குவலை’ என்று எழுதப் பழகிவிட்டால், அதை மாற்றுவது பெரும்பாடு.

இந்தப் படியில் உண்மையான மாற்று வடிவங்களையும் வெறும் பிழைகளையும் பிரித்துவிடுங்கள். செண்பகம், சண்பகம் இரண்டும் வழக்கில் உள்ளவை. எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ‘சென்பகம்’ பிழை. ரோஜா, ரோசா, பங்கஜம், பங்கயம், பாரிஜாதம், பாரிசாதம்: இவை கிரந்த எழுத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற தேர்வு. இதற்கு என் அளவுகோல், வீட்டில் குழந்தையை எப்படிக் கூப்பிடப்போகிறீர்கள் என்பதுதான். வாயில் ‘ரோஜா’ என்று வருமானால் ஏட்டிலும் ரோஜா என்றே இருக்கட்டும். அழைப்பு ஒன்று, எழுத்து வேறு என்றால் குழந்தைக்கு இரண்டு பெயராகிவிடும்.

மல்லிகை, மல்லிகா என்பது வேறு வகை. ஒன்று பூவின் பெயர் அப்படியே. மற்றொன்று பெண் பெயராக நெடுங்காலம் வழங்கி வந்தது. பாட்டி தலைமுறையின் பெயரை மீண்டும் வைக்கிறோம் என்ற உணர்வு வேண்டுமானால் மல்லிகா. பூவே நினைவுக்கு வர வேண்டுமானால் மல்லிகை. இரண்டில் ஒன்றைத் தமிழில் முடிவு செய்துவிட்டே அடுத்த படிக்குப் போங்கள். கடைசி எழுத்து ‘ஐ’யா ‘ஆ’வா என்பதை ஆங்கிலத்தில் வைத்து வாதிடாதீர்கள்.

3. நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும்

நட்சத்திர எழுத்து பார்க்கும் குடும்பம் என்றால் அதை இப்போதே, தமிழ் வடிவத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். அது ஒலியைப் பற்றியது. மகத்துக்கு ம, மி, மு, மெ. ஆகவே மல்லிகையும் முல்லையும் பொருந்தும். சுவாதிக்கு ரு, ரே, ரோ, தா. தாமரையும் ரோஜாவும் பொருந்தும். ஆங்கிலத்தில் ‘யூ’ போட்டாலும் ‘ஓ–ஓ’ போட்டாலும் அந்த ஒலி மாறாது.

எண்கணிதம் ஆங்கில எழுத்துகளைக் கூட்டுவது. அதனால் அது 6-ஆம் படிக்குப் பிறகுதான் வர வேண்டும். தேர்வில் தேறிய இரண்டு மூன்று வடிவங்களை மட்டும் சோதிடரிடம் கொடுத்து, ‘இவற்றுள் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். முதலிலேயே அவரிடம் போனால் எண் சரியாக வருவதற்காக எங்கேயாவது ஓர் ‘எச்’சும் கூடுதல் ‘ஏ’யும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களின் நம்பிக்கையை மதிக்கவும் வேண்டும், குழந்தை தன் பெயரை எளிதாகச் சொல்லவும் வேண்டும். இந்த வரிசையில் இரண்டும் நடக்கும்.

4. ஒலி ஒலியாக ஆங்கில வடிவங்களை எழுதுங்கள்

பெயரை மொத்தமாக எழுதிப் பார்க்காமல், சிக்கலான ஒலியை மட்டும் தனியே எடுத்து அதற்கு என்னென்ன வழிகள் என்று குறியுங்கள். சிங்கப்பூரில் இந்தப் பெயரைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் சீன, மலாய் மொழிக்காரர்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த எழுத்து எப்படித் தெரியும் என்பதுதான் இங்கே அளவுகோல்.

*த.* ‘டி–எச்’ போடுங்கள். 2023-இல் அதிபரான தர்மன் சண்முகரத்னத்தின் பெயர் அப்படித்தான் தொடங்குகிறது. இங்குள்ள எல்லாருக்கும் அது பழகிய எழுத்து. வெறும் ‘டி’ போட்டால் தாமரை ‘டமரை’ ஆகிவிடும்.

*க.* நறுமுகையில் வரும் ‘கை’ மென்மையாக ஒலிக்கும். ‘கே’ போட்டால் ‘முக்கை’ என்று அழுத்திப் படிப்பார்கள், ‘ஜி’ பொருத்தம். ஆனால் அதற்குப் பின்னால் ‘ஐ’ (I) என்ற ஆங்கில எழுத்தோ ‘இ’ (E) என்ற ஆங்கில எழுத்தோ உடனே வந்தால் கவனம் தேவை. மகிழ்மலரில் ‘ஜி–ஐ’ என்று வந்தால் ‘மஜி’ என்று படிப்பவர்கள் உண்டு. அங்கே ‘கே’தான் நல்லது.

*ழ.* தமிழர்கள் பலரும் ‘இசட்–எச்’ என்று எழுதுகிறோம். தமிழர்களுக்குள் அது புரியும். இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சீன மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் ‘இசட்–எச்’ என்பது ஏறத்தாழ ‘ஜ’ ஒலி. பள்ளியில் பின்யின் படித்த எவரும் பூங்குழலியைப் ‘பூங்குஜலி’ என்றுதான் படிப்பார்; அது அவர் தவறன்று, அவர் கற்ற முறை. ஆகவே வாழ்நாள் முழுவதும் திருத்திச் சொல்ல மனம் இருந்தால் ‘இசட்–எச்’ வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ‘எல்’ போடுங்கள். நான் ‘எல்’ பக்கம்தான். ழகரத்தைக் கைவிடுகிறோமே என்று சிலர் வருந்துகிறார்கள். தமிழ் எழுத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் ழகரம் அங்கே பத்திரமாக இருக்கும். ஆங்கில வடிவத்திடம் அந்தப் பொறுப்பைத் தர வேண்டியதில்லை.

*இரட்டை ‘எல்’.* முல்லை, மல்லிகை, அல்லி மூன்றிலும் இதைக் குறைக்கவே கூடாது. முல்லையில் ஓர் ‘எல்’ போனால் தமிழ் தெரிந்தவர்கள் மூலை, முளை, முலை என்று என்னென்னவோ படிக்க இடம் கொடுக்கும். மலாயில் அது ‘தொடங்கு’ என்ற பொருள் தரும் சொல்லாகிவிடும். அல்லியில் ஓர் ‘எல்’ போனால் ‘அலி’ என்ற ஆண் பெயர். பார்க்க அழகாக இருக்கிறது என்று சுருக்கியவர்கள் பிறகு வருந்துவது பெரும்பாலும் இந்த ஓர் எழுத்துக்காகத்தான்.

*ஐ.* இதில் நமக்கு அதிர்ஷ்டம். பின்யினிலும் மலாயிலும் ‘ஏ–ஐ’ சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட ‘ஐ’ என்றே படிக்கிறார்கள். தாமரை, முல்லை, நறுமுகை எல்லாவற்றுக்கும் கடைசியில் ‘ஏ–ஐ’ போடுங்கள். ‘ஏ–ஒய்’ போட்டால் ‘தாமரே’ ஆகும்.

*நெடில்.* தாமரையின் ‘தா’வுக்கு இரண்டு ‘ஏ’ வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஒரே ‘ஏ’ போட்டாலும் ‘தா’ என்று நீட்டித்தான் படிக்கிறார்கள். குறிலாக இருப்பதை நீட்டிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அதை எழுத்தால் தடுக்க முடியாது. அமெரிக்காவின் துணை அதிபராக 2021-இல் பதவியேற்ற கமலா ஹாரிஸின் பெயரைப் பலர் ‘கமாலா’ என்று நடு எழுத்தை நீட்டிச் சொன்னது நினைவிருக்கும். அவர் பெயரில் உள்ள எழுத்துகளில் குறை ஒன்றுமில்லை. மூன்று அசைப் பெயர் ‘ஆ’வில் முடிந்தால் ஆங்கில வாசிப்பு நடு அசையை அழுத்தப் பார்க்கும். மல்லிகா, ‘மல்லீகா’ ஆவதும் இதனால்தான். இத்தகைய பெயரை வைப்பவர்கள் எழுத்தைக் கூட்டிக் குறைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பாலர் பள்ளியின் முதல் நாளில் ஆசிரியரிடம் ஒருமுறை சொல்லிக் காட்டினால் போதும்.

5. மற்ற மொழிகளில் அது என்ன சொல்?

ஒவ்வொரு வடிவத்தையும் ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் பார்த்துவிடுங்கள். குழந்தை விளையாடும் இடத்தில் இந்த மூன்றும் ஒலிக்கும்.

மிகப் பெரிய இடறல், ‘பூ’ என்றே தொடங்கும் பெயர்கள். ‘பி–ஓ–ஓ’ என்பது ஆங்கிலத்தில் சிறு பிள்ளைகள் மலத்துக்குச் சொல்லும் சொல். ஐந்து வயதில் வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஒரு குழந்தை வீட்டுக்கு வந்து ‘எனக்கு இந்தப் பெயர் வேண்டாம்’ என்று அழுவதற்கு அது போதும். பூங்கொடி, பூவிழி, பூங்குழலி என்று வைக்க விரும்புவோர் ‘பி–யூ’ என்று தொடங்குங்கள். அதைப் ‘பங்கொடி’ என்று சிலர் படிக்கக்கூடும். அது திருத்தக்கூடிய தவறு. இரண்டும் பிடிக்கவில்லையென்றால் பூவைப் பின்னால் கொண்டு போங்கள், அல்லது மலர் என்று தொடங்கும் பெயரை எடுங்கள். மலர்விழி, மலர்க்கொடி இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை. மலர்விழியின் ‘ழி’க்கு மட்டும் மேலே சொன்ன முடிவை எடுக்க வேண்டும்.

மாலா என்ற பெயரை ‘எம்–ஏ–எல்–ஏ’ என்று எழுதினால், உணவங்காடிகளில் விற்கும் காரமான சீன உணவின் பெயர் அது. எழுத்தும் ஒன்றே. வனமாலா, மலர்மாலா என்று முன்னால் ஒரு சொல் இருந்தால் அந்த நினைவு வராது. ரோஜாவைக் கேட்டதும் ‘ரொஜாக்’ என்ற உணவின் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் பிள்ளைகளும் உண்டு. இதற்காகப் பெயரையே மாற்றத் தேவையில்லை என்பது என் கருத்து, தெரிந்துகொண்டு வைத்தால் சரி.

செண்பகத்துக்கு இங்கே ஒரு நன்மை. மலாயில் அதே பூ ‘செம்பாக்கா’. மலாய் அண்டை வீட்டாரிடம் பூவின் பெயரைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். அதற்காக மலாய் முறையில் ‘சி’ போட்டு எழுதிவிடாதீர்கள்; மலாய் தெரியாதவர்கள் அதை ‘செ’ என்றும் ‘கெ’ என்றும் மாற்றி மாற்றிப் படிப்பார்கள். ‘எஸ்–இ–என்’ என்றே தொடங்குங்கள்.

6. படிக்கவும் எழுதவும் வைத்துச் சோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். வீட்டார் எல்லாருக்கும் பெயர் முன்பே தெரியும். எப்படி எழுதிக் காட்டினாலும் சரியாகவே படிப்பார்கள். அவர்களிடம் கேட்பதில் பயனில்லை.

ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனிச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அலுவலக நண்பர்கள், மின்தூக்கியில் சந்திக்கும் அண்டை வீட்டார், கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் முதியவர் என்று தமிழ் தெரியாதவர்களிடம் காட்டுங்கள். பெயரை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூடாது; சீட்டை மட்டும் நீட்டுங்கள். அவர் படித்ததை அப்படியே தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் ஒரு வடிவம் மட்டுமே காட்டுங்கள். இரண்டாவதைக் காட்டினால் முதலாவதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பார், சோதனை கெட்டுவிடும்.

பிறகு மறுபக்கச் சோதனை. வேறு சிலரிடம் பெயரைச் சொல்லுங்கள், அவர்களே எழுதட்டும். பலதுறை மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசும்போதும், பிறந்தநாள் கேக்கில் எழுதச் சொல்லும்போதும் இதுதான் நடக்கும். சரியாகப் படிக்கப்படும் வடிவமும், கேட்டவுடன் எழுதப்படும் வடிவமும் வேறாக வரலாம். அப்போது படிப்புக்கே முதலிடம் கொடுங்கள். எழுத்துப் பிழையை எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்திவிடலாம். தவறான உச்சரிப்போ வகுப்பு முழுவதும் பரவி, குழந்தையே அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறாள். தன் பெயரைத் தானே ‘டமரை’ என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும் குழந்தையைப் பார்க்கும்போது மனம் கனத்துவிடுகிறது.

7. முழுப் பெயராக எழுதி எண்ணுங்கள்

குழந்தையின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆவணத்தில் அது தந்தை பெயரோடு சேர்ந்தே வரும். நடுவில் மகள் என்பதைக் குறிக்கும் ‘டி/ஓ’ (D/O) இடம்பெறுவதும் உண்டு. தந்தையின் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். முத்து என்பதில் ‘டி–எச்’ இருந்தால் மகளின் தாமரையிலும் ‘டி–எச்’ இருக்கட்டும்.

நீளத்தையும் பாருங்கள். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் 44 இடங்கள் உண்டு. ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 போக, பெயருக்கு 39. செந்தாமரைச்செல்வியைச் சுருக்கமாக 16 எழுத்தில் எழுதலாம். நெடிலுக்கும் இரட்டிப்புக்கும் எழுத்தைக் கூட்டினால் அதுவே 20 ஆகும். தந்தை 15 எழுத்துள்ள பாலசுப்பிரமணியம் என்றால், ‘டி/ஓ’வும் இடைவெளிகளும் சேர்ந்து முதல் வடிவம் 36-இல் நிற்கும், இரண்டாவது 40-ஐத் தொடும். இடம் போதாத பெயர் அந்த வரியில் வெட்டப்படும். ஒலிக்குத் தேவையில்லாத ‘எச்’சை நீக்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

8. பதிவு செய்யும்போது

அரசாங்கத்தின் லைஃப்எஸ்ஜி செயலியில் பெற்றோரின் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாகப் பதிவு நடக்கிறது. 2022 மே 29 முதல் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் மின்னிலக்கப் பிறப்புச் சான்றிதழையே வழங்குகிறது.

முடிவான வடிவத்தைக் கைப்பேசியில் ஓர் இடத்தில் சேமித்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். ஒருவர் சொல்ல ஒருவர் தட்டுவது வேண்டாம். ‘ஐ’ என்ற எழுத்தும் ‘இ’ என்ற எழுத்தும் மாறிப்போவது அங்கேதான். சமர்ப்பிக்கும் முன், பெயரைக் கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கி ஓரெழுத்தாகப் படியுங்கள். கண் தானாகத் திருத்திப் படிப்பது அப்போது நின்றுவிடும்.

தமிழ் எழுத்தில் பெயரைச் சேர்க்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். கட்டாயமில்லை என்பதால் பலர் தாண்டிப் போகிறார்கள். 2-ஆம் படியில் ற, ள, ண என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்தது இதற்காகத்தான்.

குடிமகளான குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எண்தான் 15 வயதில் அடையாள அட்டை எண்ணாகிறது. பெயரும் அதே வடிவத்தில் தொடரும். பிறகு மாற்ற வேண்டுமானால் வழக்கறிஞரிடம் போய்ப் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும். அதன்பின் கடப்பிதழ், பள்ளி, வங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் மாற்ற வேண்டும்.

பெற்றோர் இந்தியக் குடிமக்கள் என்றால், குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டியிருக்கும். அங்கே குடும்பப் பெயருக்கும் இடுபெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள். சிங்கப்பூர்ச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துகளையே அங்கும் கொடுங்கள். ஊரிலிருந்து யாராவது ‘இன்னோர் ஏ சேர்த்தால் நல்லது’ என்று சொன்னாலும் இந்த நேரத்தில் கேட்காதீர்கள். இரு நாட்டு ஆவணங்களில் இரு வடிவங்கள் இருந்தால் விசாவுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் தொல்லை.

9. சான்றிதழ் வந்த பிறகு

கிடைத்த அன்றே திறந்து ஆங்கில வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள். தமிழில் கொம்பும் காலும் சரியான இடத்தில் உள்ளனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

தாத்தா பாட்டிக்கும், பெயர்ப் பலகையோ வளையலோ செய்யக் கொடுக்கும் அத்தை மாமாவுக்கும் இரண்டு வடிவங்களையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பொற்கொல்லர் வளையலில் பொறித்த பிறகு திருத்துவது எளிதன்று.

குழந்தையைப் பாலர் பள்ளியில் சேர்க்கும்போது, படிவத்தில் கேட்காவிட்டாலும், பெயரைத் தமிழில் எழுதிய சீட்டு ஒன்றைத் தாய்மொழி ஆசிரியரிடம் கொடுங்கள். எந்த ‘ர’, எந்த ‘ல’ என்று நாங்கள் ஊகிக்க வேண்டியிராது. குழந்தை எழுதக் கற்கும் முதல் சொல் பெரும்பாலும் அவளுடைய பெயர்தான். அதற்கான புள்ளிக் கோட்டு மாதிரியை அந்தச் சீட்டைப் பார்த்தே தயாரிக்கிறோம்.